ஒரு பொய் கூட சொல்லாம ஏமாத்த முடியும்: டெக்னிக்கல் எழுத்துல எத்திக்ஸ்னா என்ன?

டெக்னிக்கல் ரைட்டிங் வேலைக்கு புதுசா வர்றவங்ககிட்ட எத்திக்ஸ்னு பேச்சை ஆரம்பிச்சாலே ஒரு மாதிரி பாப்பாங்க. "நான் என்ன பெரிய தீர்ப்பா எழுதறேன், இந்த பட்டனை அமுக்கு, அந்த வயரை சொருகுன்னு எழுதறதுல என்ன நியாயம் அநியாயம் வந்துடப்போகுது"ன்னு நானே ஒரு காலத்துல கேட்டிருக்கேன். பொய் எழுதக்கூடாது, அடுத்தவங்க எழுதினதை சுடக்கூடாது, கம்பெனி ரகசியத்தை வெளிய விடக்கூடாது, இவ்ளோதானே, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த மூணும் சரிதான். ஆனா அன்னாட வேலையில சிக்கல் வர்றது அந்த மூணுல இல்ல, ஏன்னா யாரும் உங்க டேபிளுக்கு வந்து "இந்த இடத்துல ஒரு பொய் எழுதிடு"ன்னு கேக்க மாட்டாங்க. "இதை கொஞ்சம் சாஃப்டா எழுதேன்"னு கேப்பாங்க. "இது முதல் பக்கத்துல வேணாமே, பின்னாடி எங்கயாவது போட்டுக்கலாமே"ன்னு கேப்பாங்க. அதையும் சிரிச்சுகிட்டே, டீம் மீட்டிங் முடியற நேரத்துல கேப்பாங்க.

முதல்ல எதையெல்லாம் பத்தி பேசறோம்னு சொல்லிடறேன். மேனுவல், எரர் மெசேஜ், ரிலீஸ் நோட்ஸ் (புது வெர்ஷன்ல என்ன மாறியிருக்குன்னு சொல்ற குறிப்பு), டெஸ்ட் ரிப்போர்ட், மெஷின் மேல ஒட்டற வார்னிங் ஸ்டிக்கர், மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வெக்கிற சீட்டு, மேனேஜ்மென்ட்டுக்கு போற ஸ்லைடு, கஸ்டமருக்கு போற மெயில், இது எல்லாமே இதுல அடக்கம். இதுல எத்திக்ஸ்னு சொல்றது, எதை எழுதறோம், எதை விடறோம், எங்க வெக்கிறோம், என்ன வார்த்தை போடறோம், எவ்ளோ பெரிய எழுத்துல போடறோம்ங்கிற ஒவ்வொரு முடிவுலயும் படிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சு முடிவெடுக்கிறது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா படிக்கப்போறவர் அந்த மீட்டிங்ல இல்ல பாருங்க. டெவலப்பர் இருக்கார், மார்க்கெட்டிங் இருக்காங்க, வக்கீல் கூட இருக்கார், அவங்கவங்க கவலையை அவங்கவங்க சொல்லிடுவாங்க, நாளைக்கு அந்த மெஷினை திறக்கப்போற ஆளோட கவலையை சொல்றதுக்கு மட்டும் அங்க ஆள் கிடையாது, எழுதறவர் வாயைத் திறந்தாதான் உண்டு.

ஒரு சின்ன உதாரணம் பாக்கலாம். ஏதோ ஒரு மெஷினை சுத்தம் பண்றதுக்கான மேனுவல்ல இப்படி இருக்குன்னு வெச்சுக்குங்க:

"4. பக்கவாட்டு மூடியைக் கழற்றவும்.
5. உள்ளே இருக்கும் ஃபேனை உலர்ந்த துணியால் துடைக்கவும்.
குறிப்பு: மூடியைக் கழற்றும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்."

இதுல ஒரு வரி கூட தப்பு இல்ல. இலக்கணம் சரி, தகவல் சரி, ஆபத்தையும் சொல்லியாச்சு, நாளைக்கு கேஸ் வந்தா "நாங்க எழுதியிருந்தோமே"ன்னு காட்டவும் வசதி. ஆனா மேனுவலை யாரும் நாவல் மாதிரி முழுசா படிச்சு முடிச்சுட்டு வேலையை ஆரம்பிக்கிறது இல்ல. ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில மேனுவல், ஒரு வரி படிக்கறது, ஒரு வேலை பண்றது, அடுத்த வரி படிக்கறது, இப்படித்தான் போகும். அந்த குறிப்பு கண்ணுல படற நேரத்துல அவர் கை ஏற்கனவே உள்ள இருக்கு, பவரும் ஓடிட்டு இருக்கு. வெறும் வரிசையை மாத்தி அந்த வாக்கியத்தை 4-க்கு மேல தூக்கி வெச்சா முடிஞ்சது. இது எடிட்டிங் பிரச்சனைதானேன்னு தோணும், எடிட்டிங்தான், ஆனா ஒருத்தர் விரல் போறதும் போகாததும் அதுலதான் இருக்கு.

வார்த்தையும் இதே மாதிரிதான். அமெரிக்காவுல அன்சி இஸட் 535-ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, ஸ்டிக்கர்லயும் மேனுவல்லயும் எந்த அளவு ஆபத்துக்கு எந்த வார்த்தை போடணும்னு அதுல வரையறுத்து வெச்சிருக்காங்க. தவிர்க்கலேன்னா கண்டிப்பா சாவு இல்ல பெரிய காயம்னா "டேஞ்சர்". சாவோ பெரிய காயமோ வரலாம்னா "வார்னிங்". சின்ன, நடுத்தர காயம் வரலாம்னா "காஷன்". ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, பொருள்தான் கெடும்னா "நோட்டீஸ்". இப்ப யோசிச்சு பாருங்க, "டேஞ்சர்னு போட்டா வாங்கறவங்க பயந்துடுவாங்க, காஷன்னு போட்டுக்கலாம்"னு மார்க்கெட்டிங்ல ஒருத்தர் சொல்றார், நீங்களும் மாத்தறீங்க. ஒரே ஒரு வார்த்தைதான் மாறியிருக்கு, கீழ இருக்கிற விளக்கம் அப்படியே இருக்கு. ஆனா படிக்கிறவர் பாக்கறது முதல்ல அந்த வார்த்தையைத்தான், மிச்சத்தை படிக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றதும் அதை வெச்சுத்தான். இதுக்கு நேர் எதிரா, எல்லாத்துக்கும் பயந்துகிட்டு பக்கத்துக்கு பத்து வார்னிங் போடற ஆளுங்களும் இருக்காங்க, அதுவும் தப்புதான், பத்துல எது உண்மையான ஆபத்துன்னு தெரியாம எல்லாத்தையும் தாண்டிட்டு போயிடுவாங்க.

எரர் மெசேஜ் கதை இன்னும் மோசம். தெராக்-25-ன்னு ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின், கேன்சர் நோயாளிகளுக்கு பயன்படுத்தினது. 1985-லிருந்து 1987-க்குள்ள ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போயிருக்கு, அதுல சிலர் செத்தும் போனாங்க. சாஃப்ட்வேர்ல கோளாறு இருந்தது, பழைய மாடல்ல இருந்த ஹார்ட்வேர் பாதுகாப்பையும் எடுத்துட்டாங்க, அதெல்லாம் இஞ்சினியரிங் காரணம். ஆனா எழுதறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த மெஷின் திரையில வந்த மெசேஜ் என்ன தெரியுமா, "மால்ஃபங்ஷன் 54", அதாவது "கோளாறு 54". அவ்ளோதான். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம், நோயாளிக்கு ஆபத்து இருக்கா, நிறுத்தணுமா, தொடரலாமா, ஆபரேட்டர் மேனுவல்ல அதுக்கு உருப்படியா ஒரு விளக்கமும் இல்ல. அந்த மெஷின் தினமும் இப்படி ஏதாவது ஒரு மால்ஃபங்ஷன் காட்டிட்டே இருக்கும், ஒரே ஒரு கீயை தட்டினா தொடர்ந்து ஓடும், அதனால ஆபரேட்டர்களும் தட்டி தட்டி பழகிட்டாங்க. அவங்களை குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல. "டோஸ் அளவு தப்பா இருக்கலாம், நிறுத்துங்க, நோயாளியை பாருங்க"ன்னு ஒரு வரி இருந்திருந்தா கோளாறு சரியாகியிருக்காது, ஆனா அந்த விரல் அந்த கீ மேல போறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் நின்னிருக்கும்.

இப்ப மெமோவுக்கு வருவோம். 1979 மார்ச் 28, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. அங்க ஆபரேட்டர்கள் பண்ணின முக்கியமான தப்பு, அவசர காலத்துல உலைக்குள்ள தானா போற தண்ணியை பாதியில குறைச்சது. ஆனா இதே மாதிரி 1977 செப்டம்பர்ல ஒஹையோவுல இருக்கிற டேவிஸ்-பெஸ்ஸி உலைல ஏற்கனவே நடந்திருக்கு. நல்லவேளை அப்ப உலை குறைஞ்ச பவர்ல ஓடிட்டிருந்தது, தப்பிச்சாங்க. ரெண்டு உலையையும் பண்ணிக் கொடுத்த கம்பெனியில இதை கவனிச்ச இஞ்சினியர் ஒருத்தர் 1978 பிப்ரவரியிலயே மெமோ எழுதிட்டார், ஆபரேட்டர்களுக்கு புது அறிவுரை அனுப்பணும், இல்லேன்னா எரிபொருளே சேதமாகலாம்னு. அந்த மெமோ ஒரு டிபார்ட்மென்ட்லிருந்து இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கு போச்சு, அங்க ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, சந்தேகத்தை கேட்டு ஆகஸ்ட்ல இன்னொரு மெமோ போச்சு, அதுக்கு தெளிவான பதில் வரல, அப்படியே கிடந்துச்சு. முதல் மெமோ எழுதி 13 மாசம் கழிச்சு த்ரீ மைல் ஐலண்ட்ல அதே தப்பு நடந்துச்சு. இதுல யாரும் எதையும் மறைக்கல, யாரும் பொய் சொல்லல. எல்லாரும் அவங்கவங்க மெமோவை எழுதினாங்க, ஃபைல்ல போட்டாங்க. "நான் சொல்லிட்டேன்"ங்கிறதும் "அவருக்கு புரிஞ்சு அவர் வேலையை பண்ணிட்டார்"ங்கிறதும் வேற வேற. ஆபத்தான விஷயத்துல முதலாவதோட நிறுத்திக்கறது எழுதறவர் கணக்குல சேரற தப்பு, இது என் கருத்து, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க.

இந்த துறையில எல்லா பாடத்துலயும் வர்ற சேலஞ்சர் கதையை சொல்லாம போக முடியாது, ஆனா வழக்கமா சொல்றத விட வேற ஒரு இடத்தை காட்டணும். 1986 ஜனவரி 28, விண்ணுக்கு கிளம்பின 73 செகண்ட்ல சேலஞ்சர் விண்கலம் உடைஞ்சு ஏழு பேர் செத்தாங்க. ராக்கெட் பூஸ்டர் இணைப்புல இருந்த ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம் குளிர்ல விறைச்சுப்போய் சரியா அடைக்கல. பூஸ்டர் செஞ்ச மார்டன் தியோகால் கம்பெனியோட இஞ்சினியர் ரோஜர் பாய்ஷோலி 1985 ஜூலையிலயே மெமோ எழுதியிருந்தார், உயிர்ச்சேதம் வரும்னு பச்சையாவே சொல்லியிருந்தார். அதே கம்பெனியில இன்னொரு இஞ்சினியர் அக்டோபர்ல எழுதின மெமோ "ஹெல்ப்!"னு ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. அதாவது சாஃப்டா எழுதிட்டாங்கன்னு இவங்களை சொல்லவே முடியாது.

முந்தின நாள் ராத்திரி நாசாவோட போன்ல பேச்சு. 12 டிகிரி செல்சியஸுக்கு கீழ விடாதீங்கன்னு தியோகால் இஞ்சினியர்கள் சொன்னாங்க. நாசா ஆதாரம் கேட்டுச்சு. கையில இருந்த டேட்டாவுல குளிரான நாள்ல ஓ-ரிங் பாதிச்சது இருந்தது, ஆனா 24 டிகிரில போன ஒரு பயணத்துலயும் பாதிப்பு இருந்தது, அப்ப குளிருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா பதில் சொல்ல கஷ்டமாயிடுச்சு. பாதிப்பு வந்த பயணங்களை மட்டும் வெச்சு பாத்தா உண்மையிலயே ஒண்ணும் தெரியாது. பாதிப்பு வராத பயணங்களையும் சேர்த்து ஒரே படத்துல போட்டாதான் தெரியும்: 17 டிகிரியும் அதுக்கு கீழயும் போன 4 பயணத்துல நாலுலயும் பாதிப்பு, 19 டிகிரியும் அதுக்கு மேலயும் போன 20-ல வெறும் 3-ல பாதிப்பு. விபத்துக்கு அப்புறம் அதை விசாரிச்ச ரோஜர்ஸ் கமிஷன் இதை போட்டு காட்டுச்சு. "ஒண்ணும் ஆகல"ங்கிறதும் ஒரு தகவல், அதை விட்டுட்டா மிச்சம் இருக்கிற உண்மைகளுக்கு பேச வாய் இல்லாம போயிடுது. அந்த ராத்திரி அவசரத்துல அவங்களுக்கு இதையெல்லாம் பண்ண நேரம் எங்க இருந்ததுன்னு கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான், நான் அவங்களை குத்தம் சொல்ல வரல. கடைசியில "இஞ்சினியர் தொப்பியை கழட்டிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியை போடு"ன்னு கம்பெனிக்குள்ளயே ஒருத்தர் சொல்ல, சரின்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. காலையில 2 டிகிரி.

இதே நாசாவுல 17 வருஷம் கழிச்சு, 2003-ல, பூமிக்கு திரும்பும்போது சிதறிப்போன கொலம்பியா விண்கலம். கிளம்பும்போது ஒரு ஃபோம் துண்டு கழண்டு இடது இறக்கையில அடிச்சுது, அது ஆபத்தா இல்லையான்னு போயிங் இஞ்சினியர்கள் ஒரு ஸ்லைடு தயார் பண்ணினாங்க. தலைப்பு என்னமோ "டெஸ்ட் டேட்டாவை பாத்தா நாம கொஞ்சம் அதிகமாவே ஜாக்கிரதையா கணக்கு போட்டிருக்கோம்"ங்கிற தொனியில. கீழ புள்ளி, புள்ளிக்குள்ள புள்ளி, அதுக்குள்ள இன்னொரு புள்ளின்னு போயி, கடைசில சின்ன எழுத்துல ஒரு வரி: டெஸ்ட் பண்ணின துண்டு 3 கன அங்குலம், அடிச்சது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! நம்ம டெஸ்ட்டை வெச்சு இதை பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதுங்கிறதுதான் அந்த ஸ்லைடோட உண்மையான சேதி, அது அடித்தட்டுல, தலைப்புல அதுக்கு எதிரானது. விசாரணை குழு தன்னோட அறிக்கையிலயே இந்த ஸ்லைடை எடுத்து அலசியிருக்கு. நான் ஸ்லைடு போடும்போதெல்லாம் கடைசி புள்ளியை படிச்சு பாத்துட்டு, இது தலைப்பா இருக்கணுமோன்னு ஒரு தடவை கேட்டுக்குவேன், நிறைய தடவை ஆமான்னுதான் வரும்.

படம், கிராஃப் விஷயமும் இப்படித்தான். போன வருஷம் 92, இந்த வருஷம் 94-ன்னா வளர்ச்சி ரொம்ப சின்னது. கிராஃபை 90-லிருந்து ஆரம்பிச்சு ரெண்டு கம்பம் வரைஞ்சா ரெண்டாவது கம்பம் முதலாவதை விட ரெண்டு மடங்கு உயரம். நம்பர் எல்லாம் சரி, கண்ணுக்கு மட்டும் பொய். இதுக்கு மேல இதை பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல.

எழுதாம விடறதுதான் எல்லாத்துலயும் பெரிசு. போயிங் 737 மேக்ஸ் விமானத்துல எம்கேஸ்னு ஒரு சாஃப்ட்வேர், சில நேரங்கள்ல விமானத்தோட மூக்கை தானா கீழ அமுக்கும். பைலட்டுகளுக்கு அப்ப கொடுத்த மேனுவல்ல அதை பத்தி விளக்கமே இல்ல. 2018 அக்டோபர்ல லயன் ஏர், 2019 மார்ச்ல எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், ரெண்டு விபத்துலயும் சேர்த்து 346 பேர். முதல் விபத்துக்கு அப்புறம்தான் அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே நிறைய பைலட்டுகளுக்கு தெரிய வந்துச்சு. அந்த மேனுவலை எடுத்து வரிக்கு வரி சரிபாத்தா இந்த தப்பு கிடைக்காது, ஏன்னா அது எழுதாம விட்ட பக்கத்துல இருக்கு. ப்ரூஃப் ரீடிங்ல இந்த மாதிரி தப்பு சிக்காது, "இந்த ஆளுக்கு இந்த நிலைமையில என்ன தெரிஞ்சிருக்கணும்"னு வெளியில இருந்து யோசிச்சு வந்தாதான் சிக்கும்.

இதுவரைக்கும் சொன்னதை பாத்தா தெளிவா, நேரா, சுருக்கமா எழுதிட்டா எத்திக்ஸ் தானா வந்துடும்னு தோணும். அங்கதான் ஒரு முள்ளு. 1942 ஜூன் 5-ந் தேதி, நாஜி ஜெர்மனியில ஒரு அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதின மெமோ ஒண்ணு இருக்கு. சில வண்டிகள்ல செய்ய வேண்டிய தொழில்நுட்ப மாற்றங்களை பத்தி. எடை பரவுதல், விளக்கு பொருத்தற இடம், சுத்தம் பண்ண வசதியா வடிகால், எல்லாம் நம்பர் போட்டு வரிசையா, காரணத்தோட. எந்த வகுப்புல கொடுத்தாலும் வடிவத்துக்கு நல்ல மார்க் வாங்கும். அந்த வண்டிகள் ஆட்களை உள்ள அடைச்சு புகையால கொல்ற வண்டிகள். மூணு வண்டியில 97 ஆயிரம் பேர் "ப்ராசஸ்" செய்யப்பட்டாங்க, வண்டிகள்ல எந்த குறையும் தெரியலன்னு அந்த மெமோ சொல்லுது. மனுஷங்களுக்கு அதுல "சரக்கு"ங்கிற மாதிரி வார்த்தைதான். ஸ்டீவன் காட்ஸ்ங்கிற பேராசிரியர் 1992-ல இந்த மெமோவை எடுத்து எழுதின கட்டுரை இந்த துறையோட எத்திக்ஸ் பேச்சுல ரொம்ப அடிபடற ஒண்ணு. வேலையை கச்சிதமா முடிக்கறது ஒண்ணே குறின்னு எழுத்து நின்னுட்டா அது எங்க வரைக்கும் போகும்ங்கிறது அவர் கேள்வி. நம்ம வேலை அந்த அளவுக்கு போகாதுதான், ஒப்பிடறதே அபத்தம்தான், ஆனா அந்த வார்த்தை பழக்கம் ஆபீஸ்ல இருக்கிற பழக்கம்தான். "பயனர்கள் பாதிக்கப்பட்டனர்"னு எழுதும்போது பாதிச்சது யாரு? "ஹெட்கவுன்ட் சீரமைக்கப்பட்டது"ன்னா வேலை போனது யாருக்கு, எடுத்தது யாரு? செயப்பாட்டு வினைக்கு நான் எதிரி இல்ல, பல இடத்துல அதுதான் பொருத்தம், ஆனா ஆளை ஒளிச்சு வெக்கிறதுக்காக அது வந்திருக்கான்னு ஒரு கண் வெச்சுக்கணும்.

பாடப்புத்தகத்துல இதுக்கு பல அளவுகோல் சொல்வாங்க. நிறைய பேருக்கு நன்மை எதுலன்னு பாக்கறது ஒண்ணு, பெந்தம்ங்கிற தத்துவவாதியோட வழி. இதையே எல்லாரும் எல்லா இடத்துலயும் பண்ணினா ஒத்துக்குவியா, மனுஷங்களை வெறும் கருவியா நடத்தறியான்னு கேக்கறது இன்னொண்ணு, கான்ட்ங்கிற தத்துவவாதியோட வழி. நல்ல மனுஷன் இந்த இடத்துல என்ன பண்ணுவான்னு யோசிக்கறது அரிஸ்டாட்டில்ல இருந்து வர்றது. அமெரிக்காவுல டெக்னிக்கல் எழுத்தாளர்களுக்குன்னு எஸ்டிசின்னு ஒரு சங்கம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, 2025-ல மூடிட்டாங்க, அவங்க சட்டத்துக்கு உட்பட்டு நடக்கறது, நேர்மை, ரகசியம் காக்கறது, தரம், நியாயம், தொழில் ஒழுங்குன்னு ஆறு கொள்கை வெச்சிருந்தாங்க. எல்லாம் நல்லதுதான். தொல்லை என்னன்னா, நிஜத்துல இதுல ரெண்டு மோதிக்கும். ரகசியம் காக்கணும்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, ஆனா அந்த ரகசியம் பேட்டரி சூடாகுறது. அப்ப எது மேல? உயிரு, உடம்பு, கையில இருக்கிற பணம், இழந்தா திரும்பி வராத டேட்டா, இதுல எதுக்காவது ஆபத்துன்னா ரகசியமும் டெட்லைனும் பின்னாடி போகணும்னுதான் நான் நினைக்கறேன். மத்ததுல விட்டுக்கொடுக்கலாம். பட்டன் நீலமா பச்சையான்னு யாராவது சண்டை போட்டா போட்டுக்கட்டும்.

நடைமுறையில நான் பாக்கறது ரொம்ப சிம்பிள். இந்த வாக்கியத்தை எழுதின காரணத்தை படிக்கிறவர்கிட்டயே நேரா சொல்ல முடியுமான்னு கேட்டு பாக்கறேன். "உங்களுக்கு சீக்கிரம் புரியணும்னு இதை சுருக்கினேன்"னா சொல்லலாம். "நீங்க கவனிக்கக்கூடாதுன்னு இதை 143-ம் பக்கத்துல வெச்சேன்"னு சொல்ல முடியுமா? நாக்கு தடுமாறுற இடம்தான் பிரச்சனை இருக்கிற இடம். இப்ப ஏஐ டூல்ல டிராஃப்ட் போடறவங்களுக்கும் இது பொருந்தும், அதுவா எழுதுச்சுன்னு சொல்லி தப்பிக்க வழி இல்ல, பப்ளிஷ் பட்டனை தட்டினது நாமதான்.

மேல இருந்து பிரஷர் வந்தா என்ன பண்றதுன்னு ஜூனியர்ஸ் எல்லாரும் கேப்பாங்க. எடுத்த எடுப்புல வேலையை தூக்கி போட்டுட்டு வர சொல்ல மாட்டேன், வீட்டுக்கு ஈஎம்ஐ நான் கட்டப்போறது இல்லையே. முதல்ல வேற வாக்கியம் ஒண்ணு எழுதி கையில கொண்டு போங்க, "இது கூடாது"ன்னு மட்டும் போனா சண்டை, "இதுக்கு பதிலா இது"ன்னு போனா பேச்சு. கெட்ட எண்ணத்தோட கேக்கறவங்க உண்மையிலயே கம்மி, பாதி பேர் யோசிக்காம கேக்கறவங்கதான், விளக்கி சொன்னா "அட ஆமா"ன்னுடுவாங்க. ஒத்துக்கலேன்னா வாயால பேசினதை மெயில்ல போடுங்க: "இன்னைக்கு பேசினபடி இந்த எச்சரிக்கையை எடுக்கறோம், காரணம் இது, என்னோட கவலை இது, சரியான்னு உறுதி பண்ணுங்க." மிரட்டல் இல்லாம, மரியாதையா. வாயால எடு எடுன்னவங்க எழுத்துல வந்ததும் "சரி இருக்கட்டும், விட்டுடு"ன்னு சொன்னதை நானே பல தடவை பாத்திருக்கேன். அதுக்கும் மேல போகணும்னா சேஃப்டி டீம், வக்கீல் டீம், அதையும் தாண்டினா அரசு அமைப்புன்னு வழி இருக்கு, ஆனா அந்த வழி சுலபம்னு நான் பொய் சொல்ல மாட்டேன், சேலஞ்சர் இஞ்சினியர் பாய்ஷோலி, ரோஜர்ஸ் கமிஷன் முன்னாடி உண்மையை சொன்னதுக்கு அப்புறம், அவரோட சேர்ந்து வேலை பாத்தவங்களே அவரை ஒதுக்கி வெச்சாங்க.

இவ்ளோ பேசறனே, என் கதையையும் சொல்லிடறேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பேக்கப் சாஃப்ட்வேருக்கு மேனுவல் எழுதிட்டு இருந்தேன், எந்த கம்பெனின்னு வேணாம். ரிலீஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பக் தெரிஞ்சுது: ஃபோல்டர் பாதையும் ஃபைல் பேரும் சேர்ந்து 255 எழுத்துக்கு மேல போனா ரீஸ்டோர் பண்ணும்போது அந்த ஃபைலை தாண்டிட்டு போயிடும், கடைசியில திரையில "வெற்றிகரமாக முடிந்தது"ன்னு வேற வரும். சரி பண்ண நேரம் இல்ல. "ரிலீஸ் நோட்ஸ்ல போட்டுடு, பயமுறுத்தாம எழுது"ன்னாங்க. நான் எழுதினது இது:

"சில சூழல்களில், நீளமான பெயர் கொண்ட கோப்புகளின் மீட்பு பாதிக்கப்படலாம்."

நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டு கூட வந்துச்சு. ஆனா பாருங்க, "சில சூழல்களில்" இல்ல, 255-ஐ தாண்டினா எல்லா தடவையும். "பாதிக்கப்படலாம்" இல்ல, ஃபைல் வராது, கண்டிப்பா வராது. என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை இல்ல. திரையில வர்ற "வெற்றி"யை நம்பாதீங்கன்னு சொல்லவே இல்ல. பொய்னு கை வெக்க ஒரு இடமும் இல்லாம, உபயோகமும் எதுவும் இல்லாம ஒரு வாக்கியம். அதையும் ரிலீஸ் நோட்ஸ்ல, டிஸ்க் போய் பதட்டத்துல ரீஸ்டோர் பண்ற ஆளு எந்த ஜென்மத்துல ரிலீஸ் நோட்ஸ் திறந்து பாக்கப்போறார்?

ரெண்டு மாசம் கழிச்சு சப்போர்ட்ல இருந்து ஒரு டிக்கெட்டை எனக்கும் காப்பி போட்டு அனுப்பினாங்க. ஒருத்தர் ரீஸ்டோர் பண்ணியிருக்கார், வெற்றின்னு வந்திருக்கு, நம்பி பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிட்டார். போனது அவரோட ப்ராஜெக்ட் ஃபைல்கள், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ஒழுங்கா அடுக்கி வெச்சிருந்ததால பாதை நீளமாயிருந்த ஃபைல்கள். ஒழுங்கா அடுக்கினவருக்குத்தான் அடி. சப்போர்ட் ஆள் பதில்ல என் வாக்கியத்தையே ஒட்டி, "இது ஏற்கனவே ரிலீஸ் நோட்ஸில் குறிப்பிடப்பட்டுள்ளது"ன்னு எழுதியிருந்தார். ஃபைலை இழந்தவர் அதுக்கு திருப்பி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சில சூழல்கள்னா எது?"

அன்னைக்கு சாயங்காலம் யார்கிட்டயும் கேக்காம மேனுவலை திறந்து, ரீஸ்டோர் பக்கத்துல முதல் படிக்கு மேலயே இதை சேர்த்தேன், பக் சரியாகிற வரைக்கும் ரெண்டு வெர்ஷனுக்கு அது அங்கதான் இருந்துச்சு:

"பழைய டிஸ்க்கை இப்போது அழிக்காதீர்கள். ஃபோல்டர் பாதையும் ஃபைல் பெயரும் சேர்ந்து 255 எழுத்துக்கு மேல் போகும் ஃபைல்களை இந்த வெர்ஷன் மீட்காது. திரையில் வெற்றி என்று வந்தாலும் அவை வந்திருக்காது. ரெண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மட்டும் அழியுங்கள்."